மூன்றாவது வெடி

விதுர்ஷா கொண்டுவந்த பால்மா டின்னுக்குள் ஒரு யானை வெடி இருந்தது. கைத்தடிப் பருமனில் கடுதாசிக் குழாய், ஒரு முனையில் திரி. அவள் அதை மேசையில் வைத்ததும், வாசலில் நின்ற றிஸ்லான் இரண்டடி பின்வாங்கினான்.

"மாமி, நான் ஓட்டோவுக்குள்ள இரிக்கன். நீங்க விசாரிச்சிட்டு வாங்க."

"பயப்பிடாதீங்க" என்றாள் விதுர்ஷா. "இது நமுத்துப்போன வெடி. இதுதான் எங்கட அப்பாவைக் காப்பாத்தப் போகுது."

சபூரா மிஸ் சிரிக்கவில்லை. முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளம், மதகு, கட்டு என்று அளந்து ஓய்வு பெற்றவர் அவர். இப்போது ஏறாவூர் வீட்டில் இருந்தாலும், தண்ணீர் சம்பந்தமான வில்லங்கம் எதுவானாலும் ஆட்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். அண்ணன் மகன் றிஸ்லான் அவருக்குச் சாரதி. துப்பறிவதிலோ அவரைவிட அவனுக்குத்தான் ஆசை அதிகம்.

"முதல்ல இரி மகள். தொடக்கத்திலிருந்து சொல்லு."

விதுர்ஷா சொன்னாள். கிரானுக்கு அப்பால், கொக்குச்சேனை வட்டையில் நானூறு ஏக்கர் வயல். வயலுக்கும் அதை ஒட்டிய பள்ளக்காணிக்கும் நடுவே ஒரு மண்கட்டு. வெள்ளம் மிஞ்சினால் கட்டை வெட்டித் தண்ணீரைப் பள்ளத்துக்கு விடுவார்கள். வெட்டச் சொல்லும் அதிகாரம் விவசாயிகள் தெரிந்தெடுத்த வட்டைவிதானைக்கு மட்டும்தான். பத்து வருடமாக அந்தப் பொறுப்பில் இருப்பவர் அவளுடைய அப்பா அழகரத்தினம்.

வெட்டுவதற்கு முன் பள்ளத்தில் இருப்பவர்களுக்கு அறிவிக்க வேண்டும். அதற்குத்தான், யானை விரட்டக் கொடுக்கும் இந்த யானை வெடி. ஒன்றோ இரண்டோ கேட்டால் யானை வருகிறது என்று அர்த்தம். மூன்று தொடர்ந்து கேட்டால் வெள்ளம்: போட்டது போட்டபடி கட்டுக்கு ஓடிவர வேண்டும்.

நாலு நாளைக்கு முன், பின்னேரம் ஐந்து மணிக்கு, கொட்டும் மழையில் அழகரத்தினம் தனியாக நின்று கட்டை வெட்டினார். ஊருக்குக் கேட்டது இரண்டு வெடி. பள்ளக்காணியில் மருதமரத்துப் பரணில் காவல் இருந்த கந்தப்போடி, தண்ணீர் மரத்தை வேரோடு சாய்த்ததில் செத்துப்போனார்.

"மூணாவதையும் பத்தவச்சவராம் மிஸ். மழைக்கு நமுத்துப்போச்சாம். ஒருத்தரும் நம்புறாங்க இல்ல. நாளைக்கு மரண விசாரணை. முந்தாநாள் அப்பாட மழைக்கோட்டுப் பையில இதைக் கண்டன்."

"உடனே எடுத்துவரல்லியா?"

"பத்தவச்சு வெடிக்காத வெடியை நாலு நாளைக்குத் தொடப்படாது. எங்கட ஊரில ஒராளுக்கு ரெண்டு விரல் போனது. சின்னதிலேயே அப்பா சொல்லித் தந்தவர். அதுதான் மழைக்கோட்டை உடுப்புக் கொடியிலேயே விட்டிட்டு, இண்டைக்கு எடுத்தன்."

சபூரா மிஸ் கண்ணாடியை மூக்கில் இறக்கி, வெடியைத் தொடாமலே சுற்றிவரப் பார்த்தார். "திரி நுனியில என்ன, மெழுகா?"

"ஓம். மாரிக்கு முன்னம் மெழுகுதிரி கொளுத்தி எல்லாத்திலயும் ஒரு சொட்டு விடுவன். ஈரம் ஏறாது. பத்தவைக்கக்குள்ள நகத்தால கிள்ளி எறியணும்."

"ஊராக்கள் ஏன் ஒங்கட அப்பாவைச் சந்தேகப்படுறாங்க? ரெண்டு பேரும் பகையா?"

"ஒரே மோட்டார்சைக்கிளில திரிஞ்சவங்க மிஸ்." விதுர்ஷா தயங்கினாள். "விதைப்புக் கூட்டத்தில ஒரு கதை நடந்தது. புதுசா வந்த ஒரு உத்தியோகத்தர், 'சும்மா யோசிச்சுப் பாருங்க' எண்டு ஒரு கேள்வி கேட்டார். கட்டை வெட்டினா ஒரு ஆள் சாவான், வெட்டாட்டி நானூறு ஏக்கரும் அழியும், என்ன செய்வீங்க எண்டு. அப்பா எழும்பி, 'வெட்டுவன்' எண்டார். எல்லாரும் கை தட்டினாங்க."

"கந்தப்போடி?"

"அவர்தான் பகிடிக்காரர். 'வெட்டுங்க பாப்பம்! மூணு வெடி கேட்டா ஓடிவந்து கட்டில நீட்டி நிமிந்து படுப்பன். உன்ட மண்வெட்டி என்ட வண்டியிலதான் படும் விதானை!' எண்டார். வயித்தைத் தட்டிக் காட்டினார். கூட்டமே விழுந்து சிரிச்சுது. பள்ளத்தில அவர்ர மூணு ஏக்கரும் கிடந்தது, அதான்."

"ஆளை எப்பிடி எடுத்தாங்க?"

"சாஞ்ச மரத்தோட. ஏணியும் பரணுக்கு மேல இழுத்துக் கட்டினபடி கிடந்ததாம்."

வாசற்படியில் குந்தியிருந்த றிஸ்லான் துள்ளி எழுந்தான். "பிடிச்சிட்டன் மாமி! அவர் இறங்க ஏலாம ஆரோ ஏணியை மேல கட்டியிருக்கான்!"

"கட்டின ஆள் எப்பிடி இறங்கினான் மகன், பறந்தா?"

அவன் ஓட்டோவைக் கிளப்பப் போனான்.

வெள்ளம் வடிந்த கொக்குச்சேனையில் சேறு மட்டும் மிச்சமிருந்தது. கட்டின் வெட்டுவாய்க்கு அருகே, வயல் பக்கமாக, அடியும் அங்குலமும் குறித்த நீர்மட்டக் கம்பம் நின்றது. சபூரா மிஸ் குனிந்து அதை நெடுநேரம் பார்த்தார். கம்பத்தின் மேற்பகுதியில் வைக்கோல் துணுக்கும் சேறும் ஒட்டி, ஒன்றின்கீழ் ஒன்றாக மெல்லிய கோடுகள். அதற்குக் கீழே கழுவித் துடைத்ததுபோல் வெறும் மரம். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

"அண்டைக்கு முகத்துவாரம் வெட்டினது எத்தனை மணிக்கு?" வெள்ளம் கடலுக்கு வடிய, வாவி கடலில் சேரும் இடத்தை அடைத்த மணல்திட்டை வெட்டுவார்கள்; அதைத்தான் கேட்டார்.

"காலையில எண்டு கேள்வி" என்றான் றிஸ்லான்.

சபூரா மிஸ் செத்தவீட்டுக்குப் போகச் சொன்னார்.

கந்தப்போடியின் வளவில் வெள்ளைத் துணிப் பந்தல் கட்டியிருந்தது. அழகரத்தினம் அங்கே கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாலு நாளாக விடியக்காலையே வந்து, அந்த வீட்டுக்கு வேண்டிய எல்லா வேலையையும் அவர்தான் செய்கிறார். கந்தப்போடியின் மனைவி சீதேவிப்பிள்ளை அவரை இன்னும் 'அண்ணன்' என்றுதான் கூப்பிட்டாள்.

சபூரா மிஸ் துக்கம் கேட்டுவிட்டு, அவரிடம் மெதுவாகக் கேட்டார். "மூணாவது வெடியை என்ன செஞ்சீங்க விதானையார்?"

"பத்தவச்சன் மிஸ். உஸ் எண்டுது, வெடிக்கல்ல. எடுத்துத் தண்ணிக்குள்ள எறிஞ்சிட்டன்."

விதுர்ஷாவின் மடியில் இருந்த டின் திடீரெனக் கனத்தது.

சபூரா மிஸ் அவளையும் றிஸ்லானையும் கூட்டிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"மகள், நீ கொண்டுவந்த சாட்சி ஒங்கட அப்பாவுக்கு எதிரான சாட்சி. பொறுமையாக் கேளு. பத்தவச்சு வெடிக்காத வெடியை நாலு நாளைக்குத் தொடப்படாதெண்டு ஒனக்குச் சொல்லித் தந்தவர் அவர். அப்பிடிப்பட்ட ஆள் அதை நெஞ்சோட ஒட்டின பையில போடுவாரா? போட்டாரெண்டா, அதுக்கு நெருப்பே வைக்கல்ல எண்டு அவருக்குத் தெரியும்."

"கொள்ளி பத்தியிருக்காது... மழை..."

"ரெண்டு வெடிக்குப் பத்தின மழையில மூணாவதுக்கு மட்டும் ஏன் பத்தாது? திரியைப் பாரு. நீ விட்ட மெழுகு அப்பிடியே கிடக்கு. கிள்ளவேயில்ல. உள்ளுக்கு ஈரம் போகவும் வழியில்ல. இது நமுத்த வெடி இல்ல, நல்ல வெடி."

விதுர்ஷா டின்னிலிருந்து வெடியை எடுத்துப் பார்த்தாள். திரியின் நுனியில், அவளே சொட்டிய மெழுகு ஒரு வெள்ளைப் பயறுபோல முழுசாக இருந்தது. காலையிலிருந்து பார்த்தும் காணாததை இப்போது கண்டாள்.

"அப்பா ஏன் மிஸ்... கந்தப்போடி மாமாவைக் கொல்லவா?"

"இல்ல. ஏணி சொல்லுது, கேளு. யானை வந்தா பரணில ஏறி ஏணியையும் மேல இழுத்துக் கட்டுறது காவல்காரர்ர வழக்கம். கீழ விட்டா யானை பிடுங்கி எறிஞ்சிரும். வெள்ளத்துக்கு ஒருத்தரும் அப்பிடிச் செய்யமாட்டாங்க. ரெண்டு வெடி கேட்டது, யானை எண்டு நினைச்சார், மேல ஏறிட்டார். ஒங்கட அப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். மூணு கேட்டா அந்த மனுசன் ஓடிவந்து கட்டில படுப்பன் எண்டவர். பகிடிக்குச் சொன்னாரோ, மெய்யாச் சொன்னாரோ, விதானையார் மெய்யெண்டு எடுத்திட்டார். பரணில இருந்தா உயிருக்கும் மோசமில்ல, வெட்டுக்கும் தடையில்ல எண்டு கணக்குப் போட்டார். வெட்டுவாயால பாயிற தண்ணி மரத்து வேரைத் தோண்டும் எண்டதை யோசிக்கல்ல."

"நானூறு ஏக்கர் மிஸ்" என்றாள் விதுர்ஷா. "எத்தனை குடும்பம்! வேற என்ன செய்யிற?"

சபூரா மிஸ் கைபேசியை நீட்டினார். சொல்ல விரும்பாததைச் சொல்பவர்போல் அவருடைய பேச்சு இன்னும் மெதுவானது.

"தண்ணி மெல்ல மெல்ல வடிஞ்சா, நிக்கிற இடத்திலெல்லாம் ஒரு கோடு விட்டிட்டுப் போகும். கட்டை வெட்டி ஒரேயடியா இறங்கினா கோடு விழாது. கம்பத்தில மேல ஒம்பது கோடு. அரை அடி. கட்டை வெட்டுறதுக்கு முன்னமே தண்ணி அரை அடி இறங்கிட்டு. முகத்துவாரம் காலையிலேயே வெட்டுப்பட்டதால, மத்தியானத்துக்குப் பிறகு வடியத் தொடங்கியிருக்கு. கம்பத்தை ஒருதரம் பாத்திருந்தா விளங்கியிருக்கும்."

றிஸ்லான் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "மெழுகை நகத்தால கிள்ளி, வாளித் தண்ணிக்குள்ள ஒருக்கா முக்கினா முடிஞ்சுது. நாளைக்கு ஆருக்குத் தெரியும்? போனவர் போயிட்டார். இருக்கிறவராவது..."

சபூரா மிஸ் அவனை அதட்டவில்லை. "வெடி ஒன்ட கையில மகள். கேட்டா நான் கண்டதைச் சொல்லுவன். அவ்வளவுதான்."

விதுர்ஷாவின் பெருவிரல் நகம் மெழுகில் பட்டது. மெழுகு லேசாகப் பதிந்தது. வாளியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தது. பந்தலுக்குள் சீதேவிப்பிள்ளை, "அண்ணன், தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டு வேலையைப் பாருங்க" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

அவள் நகத்தை எடுத்தாள்.

பந்தலுக்குள் போய், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வெடியை வைத்தாள். "அப்பா, மூணாவது வெடி."

அழகரத்தினம் அதைப் பார்த்தார். பிறகு சீதேவிப்பிள்ளையைப் பார்த்தார். பொய் சொல்லத் தெம்பில்லாமல் கதிரையில் இருந்தார்.

"அவன் வந்தா வெட்ட விடமாட்டான் பிள்ள. மரத்தில இருந்தாத் தப்பிருவான் எண்டுதான்... சத்தியமா அப்பிடித்தான் நினைச்சன், தங்கச்சி."

சீதேவிப்பிள்ளை கையில் பிடித்த தட்டத்தை வைக்கவும் மறந்து நின்றாள்.

"ஆனா வட்டை தப்பிச்சுது" என்றார் அழகரத்தினம், மகளின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டு. "நானூறு ஏக்கரும் தப்பிச்சுதுதானே? அவன்ட உயிர் சும்மா போகல்லத்தானே?"

சபூரா மிஸ் விதுர்ஷாவைப் பார்த்தார். றிஸ்லான் தலையைக் குனிந்தான். சொல்லவேண்டிய ஆள் தான்தான் என்பது விதுர்ஷாவுக்கு விளங்கியது.

"தண்ணி அப்பவே வடியத் தொடங்கிட்டு, அப்பா."

அவர் அதைக் கேட்கவில்லைபோல முதலில் தலையை ஆட்டினார். பிறகு கேட்டது. சீதேவிப்பிள்ளையின் கையிலிருந்து தட்டம் விழுந்த சத்தத்துக்கு, நாலு நாளாக எதற்கும் கலங்காத அந்த மனிதர், வெடி கேட்டவர்போல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.