கைவிடாதவள்

பிணம் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

எதிரே டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

மனைவி பக்கத்து நாற்காலியில் இருந்தாள். இதய வார்டு நர்ஸ். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"அழணும்னுதான் பார்க்கறேன் சார்... மரத்துப்போச்சு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். காலையிலிருந்து இது மூன்றாவது பிணம். அவருக்கும் மரத்துத்தான் போயிருந்தது.

வாசலருகே செத்தவரின் தம்பி, கையில் விலங்கோடு. கம்ப்யூட்டர் ஆள். அண்ணன் நெஞ்சுக்குள் வைத்து இதயத்தை ஓட்டிய பேஸ்மேக்கருக்குக் கட்டளை அனுப்பும் ரிமோட் அவன் பையில் கிடைத்திருந்தது. நிரூபணமானால் ஆயுள் தண்டனை.

"அண்ணி, நான் மாடியை விட்டே இறங்கலை. நீங்களாவது சொல்லுங்க."

"மாடியிலேர்ந்தே முடிச்சிட்டியேடா. உனக்கு ஒயர்கூட வேண்டாமே."

பேஸ்மேக்கர் கம்பெனி இன்ஜினியர் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்தார்.

"பத்து பதினேழுக்கு 'நிறுத்து'ன்னு கட்டளை வந்திருக்கு சார். கருவியும் அதைக் கேட்டு நின்னிருக்கு."

"அப்ப கொலைதான். அந்த நேரத்துல இவர்கிட்ட யாரும்மா இருந்தது?"

"நான் மட்டும்தான். ஒன்பது மணிலேர்ந்து அவர் கையை நான் விடவே இல்லை. வேற ஒருத்தரையும் கிட்ட சேர்க்கலை."

கான்ஸ்டபிள் உருகிப்போனார். பாவம், புதுசாகக் கல்யாணமானவர்.

இன்ஜினியர் உருகவில்லை.

"கையைன்னா... நிஜமாவே கையைப் பிடிச்சுக்கிட்டா?"

"ஆமா. ஏன்?"

"போன மாசம் பேட்டரி தீர்ந்ததும் புது மாடல் வெச்சோம். பழசுதான் தூரத்துலேர்ந்து சொன்னாலும் கேக்கும். கண்டவங்க நுழையக் கூடாதுன்னு இதுல பூட்டு போட்டிருக்கோம். கட்டளை காத்துல போகாது... தோல் வழியாத்தான் போகும். ரிமோட் வெச்சிருக்கறவங்க இவரைத் தொட்டுக்கிட்டு இருக்கணும்."



அவள் தன் வலது கையைப் பார்த்தாள். யாருடையதோ மாதிரி இருந்தது.

"அப்ப நான் கையை விட்டிருந்தா...?"

"ரிமோட் வேலை செஞ்சிருக்காதும்மா. அவர் உயிரோட இருந்திருப்பார்."

"பதினாறு வருஷம்... வாயைத் திறந்தா வசவுதான். போற நேரத்துல தனியாப் போக வேண்டாமேன்னு இன்னிக்குத்தான் பாவம் பார்த்தேன்."

இன்ஸ்பெக்டர் தம்பியின் விலங்கைக் கழற்றிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"முப்பது வருஷமா 'கையும் களவுமாகப் பிடித்தேன்'னு ரிப்போர்ட் எழுதறேன். இன்னிக்குத்தான் அதுல பொய் இல்லை. நீட்டுங்கம்மா."