துடுப்பில் கட்டிய கடிகாரம்

கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, கோவளத்தில் பஸ்ஸுக்கு மாறி, எழில் குப்பத்துக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கருவாட்டு வாசனையும் ஈரக்காற்றும் வழக்கம்போல் எதிரே வந்தன. தோள்பையில் தம்பி தீனாவுக்கு வாங்கிய ஸ்மார்ட் வாட்ச். கூடவே ஒரு வாழைக்காய்.

வீட்டில் அம்மா பானுமதி மட்டும் இருந்தாள். கரண்ட் இல்லை. சிம்னி விளக்கை ஏற்றிவிட்டு மகளின் பையைப் பார்த்தாள்.

"இன்னாடி, ஒத்த வாழக்காய வாங்கியாந்துகீற? கொழம்புக்கா, கண்ணு திருஷ்டிக்கா?"

"கடியாரத்துக்கு."

"அதுவும் துன்னுமா?"

எழில் சிரித்துக்கொண்டே டப்பாவைப் பிரித்தாள். அவளோடு வேலை செய்யும் ஸ்ரீதேவி போன மாதம் ஒரு போலி வாட்ச் வாங்கி ஏமாந்திருந்தாள். அது வாழைப்பழத்தில் கட்டினாலும் நாடித்துடிப்பு காட்டியது. ஆபீசே கூடிச் சிரித்தது. இந்த வாட்ச் அப்படி இருந்துவிடக் கூடாது.

காரணம் இருந்தது. தீனா நாளைக்கு முதன்முதலாகக் கடலுக்குப் போகிறான். அப்பா சடையனைப் போன வருஷ வாடைக்காற்று கொண்டுபோன பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் படகு ஏறவில்லை. பானுமதி ஒரே ஒரு நிபந்தனையில்தான் சம்மதித்திருந்தாள். தண்ணீரில் விழுந்தால் கரைக்குச் சொல்கிற கடிகாரம் வேண்டும். அது பொய் சொல்லாது என்று எழில் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் தீனா போகலாம். இல்லாவிட்டால் இல்லை.

தன் கையில் கட்டினாள். எண்பத்து நாலு. போனிலும் அதே எண். வாழைக்காயில் கட்டினாள். பச்சை வெளிச்சம் மினுக் மினுக்கென்று தேடியது. பிறகு இரண்டு கோடுகள் மட்டும்.

"பாத்தியா? உசுரு இல்லன்னு சொல்லிடிச்சி. நல்ல சாமான்."

"வாரு பத்துமா அவனுக்கு? அப்பன் கையி அது."

நியாயமான கேள்வி. அப்பாவின் மணிக்கட்டும் தீனாவின் மணிக்கட்டும் ஒரே பருமன். துடுப்புப்பிடி கை என்று குப்பமே கேலி செய்யும். எழிலின் கண் கதவு மூலைக்குப் போனது.

அங்கே சாய்ந்திருந்தது அப்பாவின் துடுப்பு. அன்றைக்குப் படகு கரை சேர்ந்தது, துடுப்பு கரை சேர்ந்தது, அவர் மட்டும் சேரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பானுமதி தாலியைக் கழற்றவில்லை. துடுப்பை வெளியே வைக்கவும் விடவில்லை. அது வீட்டில் இருந்தால் கடலில் இருக்கிறவன் வழி கண்டுபிடித்து வந்துவிடுவான் என்பது அவள் நம்பிக்கை.

எழில் துடுப்பின் பிடியில் வாட்சைக் கட்டினாள். வார் கச்சிதமாகப் பொருந்தியது.

பச்சை வெளிச்சம் மினுங்கியது.

அறுபத்தொன்று.

கழற்றினாள். துடைத்தாள். வாழைக்காயில் கட்டினாள். இரண்டு கோடுகள். தன் கையில் கட்டினாள். தொண்ணூற்றெட்டு. மறுபடியும் துடுப்பில்.

அறுபத்தொன்று.

"இன்னா காட்டுது?" என்றாள் பானுமதி.

எழில் பதில் சொல்வதற்குள் கையிலிருந்த போன் அதிர்ந்தது. திரையில் ஒரு வரி.

நீச்சல் தொடங்கியது.

கடிகாரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை. துடுப்பு சுவரோடு சாய்ந்து, அசையாமல் நின்றது. போனில் மட்டும் தூரம் ஏறிக்கொண்டே போனது. அவசரமில்லாத, ஓய்வில்லாத நீச்சல். எத்தனை தூரம் ஏறினாலும் துடிப்பு மட்டும் கூடவில்லை. அறுபத்தொன்றிலேயே நின்றது. நீந்துகிறவனுக்கு மூச்சு வாங்கவில்லை. மூச்சே தேவைப்படாதவன் போல.

வெளியே அலைச்சத்தம் கிட்டத்தில் கேட்டது.

பானுமதி மெல்ல வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்தாள். அவள் கை தாலியைப் பற்றிக்கொண்டது.

"எழிலு. அவருதானா?"

"அது துடிப்பத்தான் சொல்லும்மா," எழில் கிசுகிசுத்தாள். "யாருன்னு சொல்லாது."

போன் மறுபடி அதிர்ந்தது.

நீச்சல் முடிந்தது.

விளக்குச் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது. ஈரத் தாம்புக்கயிறும் பாசியும் கலந்த நாற்றம், கதவிடுக்கு வழியாக, தரையோடு தரையாக உள்ளே வந்தது.

போன் அதிர்ந்தது.

நடை தொடங்கியது.

மணலில் நடப்பதற்குச் சத்தம் இருக்காது. அதனால் காதால் எதுவும் தெரியவில்லை. தெருநாய்கள் மட்டும் கடற்கரைப் பக்கமிருந்து ஒவ்வொன்றாகக் குரைத்து, ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி நாய் பக்கத்து வீட்டு நாய்.

அதுவும் அடங்கியது.

போனில் நடை நின்றது.

கதவு தட்டப்பட்டது.

எழில் அம்மாவின் கையைப் பிடித்தாள். அம்மா உதறினாள். தாழ்ப்பாளை விலக்கினாள்.

வாசலில் தீனா நின்றான். காய்ந்த சட்டை, கையில் பரோட்டாப் பொட்டலம்.

"இன்னா, ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க? நாய்ங்கல்லாம் வால சுருட்டிகினு படுத்துகீது, நீங்க அதுக்கு மேல கீறீங்க."

எழிலுக்கு உயிர் வந்தது. சிரிப்பும் அழுகையுமாக வந்தது. தீனா துடுப்பில் இருந்த வாட்சைப் பார்த்துவிட்டான்.

"அட, எனக்கா? எக்கா, தெய்வம் நீ." அவனே கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டான். தொண்ணூற்றாறு. நின்ற இடத்திலேயே குதித்தான். நூற்றுப் பதினெட்டு. உட்கார்ந்தான். மெல்ல மெல்ல இறங்கியது. எல்லாம் சரியாக, அச்சு அசலாக.

"சூப்பரு. எம்மா, பாத்துக்கினியா? நாளைக்கி வுடு."

பானுமதி அவனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"சொல்லு எழிலு. பொய் சொல்லுதா?"

எழில் தம்பியின் மணிக்கட்டைப் பார்த்தாள். அப்பாவின் மணிக்கட்டு. நாளைக்கு அதே தண்ணீரில் நனையப் போகிற கை.

"பொய் சொல்லுதும்மா. மட்ட சாமான். மாத்திகினு வந்தாத்தான் நம்பலாம். அதுவரிக்கும் அவன் போவ வேணாம்."

"எக்கா, இன்னா பேசற? கரீட்டா காட்டுதே."

"கழட்றா."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. கழற்றி அவள் மடியில் எறிந்துவிட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனான். எழில் வாட்சை ஆஃப் செய்து, டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தினாள். நெஞ்சு கொஞ்சம் லேசானது. காலையில் கடையில் கொடுத்துவிட்டால் முடிந்தது. அவன் போக மாட்டான்.

பானுமதி தட்டுகளை எடுத்துக் கழுவினாள். வரிசையாக வைத்தாள். எழில் பார்த்தாள். நாலு தட்டு.

"எம்மா..."

பானுமதி மகளின் கையைப் பிடித்துக் கதவு மூலைக்கு அழைத்துப் போனாள். அவளுடைய இரண்டு விரல்களை எடுத்து, நாடி பார்க்கிற மாதிரி, துடுப்பின் பிடிமேல் வைத்து அழுத்தினாள்.

மரம் ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"கடியாரம் இல்லடி," அம்மா காதோடு சொன்னாள். "நீதான் பொய் சொல்ற."

விரல்களுக்குக் கீழே, அவசரமில்லாமல், அது துடித்துக்கொண்டிருந்தது.