நாத்தனார் பார்த்த ஒன்பது லட்சம்

இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. நாத்தனாருக்கு அவள் தர வேண்டிய பாக்கி அது. அந்தப் பணத்தை அவள் கேட்டு வாங்கவும் இல்லை, கையால் தொட்டதும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் அது அவள் பேரில் நின்ற கடன்.

மாதம் பிறந்தால் போதும், மாடியிலிருந்து நாத்தனாரின் செருப்புச் சத்தம் இறங்கி வரும். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலையை விட்டபோது மொத்தமாகக் கிடைத்ததில் மூன்று லட்சத்தைத் தம்பியிடம் கொடுத்தாள். "என் பொண்டாட்டியோட தம்பி கடை முழுகப் போகுதுக்கா, இவ அழுது அழுது சாகறா" என்று தம்பி கேட்டதால் கொடுத்தாள். அன்று முதல் தம்பி பொண்டாட்டி அவளுக்குக் கடன்காரி ஆனாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் காலை, தம்பி பொண்டாட்டி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கிவிட்டது. போனை மேடை மேல் அப்படியே போட்டுவிட்டுத் துணி எடுக்க ஓடினாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் உள்ளே வந்தாள். மூக்குக் கண்ணாடி மாடியிலேயே கிடந்தது. சின்ன எழுத்து ஒன்றும் புலப்படவில்லை. பெரிய எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"ஒம்போது லட்சத்து... நாப்பத்தோராயிரம்! அடிப்பாவி! மாசாமாசம் மூணாயிரம் நாலாயிரம்னு பிச்சை போடற மாதிரி போட்டுட்டு, உள்ள ஒம்போது லட்சமா!"

"அண்ணி, அது பணமில்ல அண்ணி..."

"பணமில்லாம? பஸ் டிக்கெட் நம்பரா? டேய், இங்க வாடா! உன் பொண்டாட்டி சீமாட்டி ஆயிட்டா, வந்து பாரு!"

வாசற்படியில் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த கணவன் எழுந்து வந்தான். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். திரையைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. எண்ணுக்கு அடியில் ஏறி இறங்கும் அந்தப் பச்சை சிவப்பு விலைக் கோடுகளை அவனுக்கு நன்றாகத் தெரியும். அக்காவுக்கு விளக்க அவனுக்கு அரை நிமிஷம் போதும். ஆனால், உனக்கு எப்படிடா தெரியும் என்று அக்கா கேட்பாளே!

அவள் அவனையே பார்த்தாள். சொல்லுங்க... இப்பவாவது வாயைத் திறந்து சொல்லுங்க...

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா" என்றான் அவன். குனிந்து, கட்டி முடித்த கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

அவள் கையிலிருந்த துணியை மேடையில் போட்டாள். இதற்காகவா இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்!

கிடங்கில் 'மீட்டர்' என்று ஒருவன் உண்டு. எதைச் சொன்னாலும் ஏற்றிச் சொல்வதால் அந்தப் பேர். டாலரை வாங்கு, ஜப்பான் யென்னை விற்று விடு, உட்கார்ந்த இடத்தில் காசு என்றான். நூறு போட்டால் பத்தாயிரத்துக்கு வியாபாரம் செய்யலாம், மீதியைக் கம்பெனி போடும் என்றான். விலை நமக்கு எதிராக நூற்றில் ஒரு பங்கு நகர்ந்தாலே போட்டது மொத்தமும் போய்விடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கம்பெனிக்கு அரசாங்க அனுமதி இருக்கிறதா என்று கணவனும் பார்க்கவில்லை. அக்காவிடம் பொய் சொல்லி வாங்கிய மூன்று லட்சமும் ஒரே மத்தியானத்தில் போனது. "அக்காவுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டா" என்று மனைவி மடியில் முகத்தைப் புதைத்து அழுதான். பாவி, அவளும் நம்பி அழுதாள்.

அந்தப் பொய் நிலைக்க வேண்டுமே! நேரில் வந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும் என்று, ஆசையாக வந்த தன் உடன்பிறந்த தம்பியைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ரோஷக்காரன், பிறகு வரவே இல்லை. ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுச் சம்பாதித்ததை மாதாமாதம் நாத்தனார் கையில் வைத்தாள். கூடவே வசவையும் வாங்கிக்கொண்டாள்.

மூன்று லட்சத்தை ஒரே மத்தியானத்தில் விழுங்கிய வாய் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கவே அவள் போனில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அது மாயமும் இல்லை மந்திரமும் இல்லை, அவசரப்பட்டவனை விழுங்கும் ஒரு வியாபாரம் என்று புரிந்தது.

"இது பயிற்சிக் கணக்கு அண்ணி" என்றாள், நிதானமாக. "கத்துக்கிறவங்களுக்குக் கம்பெனி குடுக்கற பொய்ப் பணம். பத்து லட்சம் குடுத்தாங்க. அம்பத்தொம்பதாயிரம் தோத்துட்டேன்."

நாத்தனார் வாயைப் பிளந்தாள். "பொய்ப் பணத்துலயே தோத்தியா?"

"பொய்ப் பணத்துல தோத்தாத்தானே நல்ல பணம் தப்பிக்கும்? மொதல்ல கண்ணை மூடிட்டு வாங்கினேன், நிறைய போச்சு. இப்ப ஒவ்வொரு தடவையும், இந்த வெலைக்கு எறங்கினா தானா வித்துடணும்னு முன்கூட்டியே போட்டு வெச்சிடறேன். ஒரு தடவைக்கு, கணக்குல இருக்கற பணத்துல நூத்துல ஒரு பங்குக்கு மேல போகாது."

"யாரு உனக்கு இந்த வேண்டாத வேலையக் கத்துக் குடுத்தது? உன் தம்பியா? என் காசுல கடைய நிமித்தினது பத்தாதுன்னு..."

"அவன இழுக்காதீங்க அண்ணி!"

அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. நாத்தனாரே ஒரு அடி பின்வாங்கினாள். தம்பி பொண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைப் பையை எடுத்தாள். கணவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் வேலைக்குப் போறேன். சாயங்காலம் இந்த வீட்டுக்கு வரணுமா, இல்ல என் தம்பி வீட்டுக்குப் போகணுமா... நீங்களே சொல்லுங்க. என் பேரு கெட்டது போதும். அவன் பேரும் இதுக்கு மேல கெட வேண்டாம்."

அவள் படி இறங்கினாள்.

"அக்கா!" என்று உள்ளிருந்து அலறினான் அவன். "அவ தம்பி கடை முழுகவே இல்லக்கா! நான்தான்... எல்லாத்தையும் நான்தான் தொலைச்சேன்!"

எல்லாவற்றையும் கொட்டினான். நாத்தனார் அசையாமல் கேட்டாள். பிறகு பளார் என்று ஓர் அறை விட்டாள். அடித்த கையோடு தெருவுக்கு ஓடி, அவன் குரல் கேட்டு அங்கே நின்றிருந்தவளின் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வாயில வந்ததெல்லாம் பேசினேனேடி... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா உங்களுக்கு இருக்கற ஒரே தம்பியும் இல்லாமப் போயிடுவாரேன்னுதான் அண்ணி..."

நாத்தனார் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ அழுகையைப் பார்த்த மனுஷி, நடுத்தெருவில் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"கேட்டுக்கோடா!" என்றாள், வாசலுக்கு வந்த தம்பியைத் திரும்பிப் பார்த்து. "இவ பேர்ல இருந்த கடன் இந்த நிமிஷத்தோட போச்சு. இவ குடுத்த எம்பத்தோராயிரத்து ஐந்நூறையும் இவளுக்கே திருப்பித் தரேன். இனி நீதான் என் கடன்காரன். முழு மூணு லட்சம். கட்டி முடிக்கிற வரைக்கும் என்கிட்டப் பேசாத." மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளிடம் கேட்டாள்: "நீயும் அந்தப் பாழாப்போன வியாபாரத்த விட்டுடறியா?"

"விட மாட்டேன் அண்ணி. ஆனா ஓட மாட்டேன், நடந்துதான் போவேன். இன்னும் கொஞ்ச நாள் பொய்ப் பணம்தான். கை பழகினப்புறம், போனாலும் சாப்பாடு நிக்காதுன்ற அளவுக்குக் கொஞ்சம் போடுவேன். அனுமதி வாங்கின கம்பெனியாப் பாத்து. அவங்க தர்ற கடன் வேண்டவே வேண்டாம்."

"என்னமோ போ. உன் தம்பி நம்பரக் குடு மொதல்ல. நானே பேசறேன்."

கணவன் ஞாயிற்றுக்கிழமையும் ஃபோர்க்லிஃப்ட் ஏறினான். மீட்டர் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அக்கா பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு மாடி ஏறிவிடுவாள். வருஷங்கள் போயின.

இதற்கிடையில் அவன் மனைவி ஒரு வாரத்து ஓவர்டைம் காசைப் போட்டு நிஜக் கணக்கைத் தொடங்கினாள். முதல் வியாபாரமே நஷ்டம். "போச்சா?" என்று பதறினாள் நாத்தனார். "போகட்டும்னு நான் விட்ட அளவுதான் போச்சு அண்ணி" என்று சிரித்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள். அப்புறம் கொஞ்சம் வந்தது, கொஞ்சம் போனது. ராத்திரி தூக்கம் மட்டும் போகவில்லை.

கடைசித் தவணையைக் கொடுத்த அன்று அவள் உடன்பிறந்த தம்பியும் சாப்பிட வந்திருந்தான். கணவன் இரண்டு கையாலும் பணத்தை நீட்டினான். நாத்தனார் எண்ணிப் பார்க்கவில்லை. தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தீந்துதுடா. உக்காந்து சாப்பிடு."