கெண்டைக்காலில் இருந்தது

காலையில் இடது கால் மட்டும் ரப்பர் பூட்சுக்குள் நுழைய மறுத்தது. ராக்ஹாம்ப்டன் மாட்டிறைச்சிக் கூடத்தில் பதினோரு மாதமாகச் சிமெண்டுத் தரையில் நின்றே குடல் எடுக்கிற இசிகேலிக்கு அது வெறும் வீக்கம். ஃபிஜியிலிருந்து கூடவே வேலைக்கு வந்த மச்சான் நெமானிதான் ஸ்கேனுக்கு இழுத்து வந்தான்.

"கால்சட்டையக் கழட்டு மச்சான். அந்தத் தொடையப் பாத்தா கொக்கியில மாட்டிடப் போறாங்க."

அவனை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கதவை மூடினாள் கெரின், ஸ்கேன் எடுக்கும் நடுவயதுப் பெண். நண்பகலிலும் அறை இருட்டு. மருந்துக்கடை வாசனை. வெதுவெதுப்பான பசையைக் கவட்டுப் பக்கம் பிழிந்து, கருவியை வைத்தாள்.

"வலிக்காது கண்ணு. நரம்ப அழுத்தி அழுத்திப் பாப்பேன். நல்ல நரம்புன்னா சப்பையாயிடும். அரைமணி நேரந்தான்."

திரையில் ஒரு கறுப்பு வட்டம். அழுத்தினால் கண்போல மூடியது, விட்டால் திறந்தது. தன் வீட்டு நாய் செருப்பைத் தின்ற கதையைச் சொல்லிக்கொண்டே அவள் தொடை நெடுக இறங்கினாள். ஸ்கேன் பெட்டிக்குள்ளிருந்து அவனுடைய ரத்தம் உஸ்ஸென்று, அடைமழைக் கால்வாய் மாதிரி ஓடுகிற சத்தம் கேட்டது.

முழங்காலுக்குப் பின்னால் நாய்க்கதை நின்றது.

அழுத்தினாள். வட்டம் மூடவில்லை. மறுபடியும். மூடவில்லை.

கருவியைத் திருப்பினாள். குழாய் நீளவாக்கில் தெரிந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அட்டைபோல ஒட்டிக்கொண்டு, ஓட்டத்தில் வாலை ஆட்டியது.

"என்னங்க அது?"

"டாக்டர்தான் சொல்லணும். மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அசையாதீங்க. கால்ல கை வைக்காதீங்க. இதோ வந்துடறேன்."

சொல்ல வேண்டியதில்லை. உறைந்த ரத்தக்கட்டியை அவனுக்குத் தெரியும். தினம் முந்நூறு மாட்டைத் திறக்கிறவன் அவன். காலிலிருந்து மேலே போகிற குழாய் எங்கே முடியும் என்று தெரியும். இதயம். அதைத் தாண்டி நுரையீரல்.

கதவு திறந்தது. நெமானி.

"அவ ஏன் ஓடறா? ரொம்ப வலிக்குதா?" குந்தி உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்தான். தினம் சாயங்காலம் தேங்காயெண்ணெய் போட்டு நீவிவிடுகிற அதே கை.

"வேணாம் மச்சான். தொடக்கூடாதாம்."

"வெள்ளக்காரி கை மட்டும் படலாமோ? சும்மா கெட."

கீழிருந்து மேலே. ஒரே அழுத்து.

வலி விட்டது. சட்டென்று. சுகமாக.

கெரின் வாசலில் நின்றாள். நெமானியின் கைகளைப் பார்த்தாள். அவனைத் தள்ளிவிட்டு முழங்காலுக்குப் பின்னால் கருவியை வைத்தாள். அழுத்தினாள்.

வட்டம் மூடியது. விட்டாள். திறந்தது. சுத்தமாக.

"பாத்தியா? கரைச்சிட்டேன்ல!" நெமானி சிரித்தான்.

கெரின் காலைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் தொடையில் ஏறின. வயிற்றைக் கடந்தன. நெஞ்சில் வந்து நின்றன. அங்கேயே காத்திருந்தன.

இசிகேலி மூச்சை இழுத்தான்.

பாதிதான் வந்தது.