ம-வும் மூன்று புள்ளியும்

கீபோர்டின் மேல் ரத்தம்!

பின்மண்டையில் அடி. புரோகிராமரை ஆம்புலன்ஸ் அள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகிறது. உயிர் இருக்கிறது... பேச்சு இல்லை.

அவன் அறையில் அவனுடைய உயிர் நண்பன் நின்றிருந்தான். கையில் விலங்கோடு!

"எங்கண்ணன் அடிக்கலை சார்!"

மூச்சிரைக்க ஓடிவந்தாள் நண்பனின் தங்கை. ஆபீஸில் புரோகிராமருக்குப் பக்கத்து நாற்காலி. மூட்டை தூக்கி அவளைக் காலேஜ் படி ஏற்றியவன், விலங்கோடு நிற்கும் இந்த அண்ணன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"அந்தப் பையன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா. ஆனா மயங்குறதுக்கு முன்னாடி அவனே டைப் பண்ணிட்டான். பாரு."

ஸ்கிரீனில், தேடும் கட்டத்துக்குள்...

^ம...$

"பேரை எழுதியிருந்தா அடிச்சவன் அழிச்சிருப்பான்," என்றாள் தங்கை. "குப்பைன்னு நினைச்சு விட்டுட்டான்."

"உங்க ஆபீஸ்லயே கேட்டுட்டேன். தொப்பி மாதிரி இருக்கிறது ஆரம்பம். டாலர் முடிவு. ஒரு புள்ளிக்கு ஏதோ ஒரு எழுத்து. அவன் போன்ல உங்கண்ணன் பேர் என்ன?"

அண்ணன் முனகினான். "மச்சான்..."

"ம... அப்புறம் ச்... சா... ன்! மூணு புள்ளி, மூணு எழுத்து! ஏட்டம்மா, வண்டில ஏத்துங்க!"

தங்கை சிரித்துவிட்டாள்!

"நீங்க மனுஷன் மாதிரி எண்ணுறீங்க சார். கம்ப்யூட்டர் அப்படி எண்ணாது. 'சா'ன்னா அதுக்கு ச தனி, கால் தனி. மெய்யெழுத்து தலையில இருக்கிற புள்ளியும் தனி. மச்சான் அதுக்கு ஏழு!"

"ஏழா?" ஏட்டம்மா கிட்டே வந்தார்.

"தமிழ்ல தேடி உதை வாங்கினவங்களுக்குத்தான் தெரியும். அவன் போன் நம்பரெல்லாம் இதுலயே இருக்கு. தேடிரலாமா?"

"தொடாதே! ஆதாரம்!" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"நான் தொடறேன் சார்." கையுறை விரலால் ஏட்டம்மா என்டரைத் தட்டினார்.

முந்நூறு பெயர்கள் மறைந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியது.

மாமா.

"ம, கால், ம, கால்... நாலு!" என்றாள் தங்கை.

"அவனுக்கு ஏது மாமா?" அண்ணன் நிமிர்ந்தான். "ஆசிரமத்துல வளர்ந்தவன். சொந்தம்னு ஒரு ஈ, காக்கா கிடையாது!"

தங்கை அந்த நம்பரைத் தன் போனில் அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டரின் சட்டைப்பைக்குள்ளிருந்து!

"யாருன்னே தெரியாதுன்னீங்களே சார்?" ஏட்டம்மா கதவை மறித்து நின்றார்.

"ஏதோ போலீஸ் ஸ்டேஷன் கேஸ் கட்டையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறேன்னு சொன்னான்..." அண்ணன் இழுத்தான்.

தங்கை அதற்கு முந்தைய தேடலைத் திறந்தாள். 'நிலா வெளிச்சத்தில் தெளிவாகப் பார்த்தேன்'... நாற்பது இடத்தில்!

ஏட்டம்மா தேதிகளைப் படித்தார். "நாப்பது கேஸ், நாப்பது சாட்சி, ஒரே வாக்கியம்! இதுல பாதி அமாவாசை சார்! எல்லாம் நீங்க எழுதி வாங்கினது!"

இன்ஸ்பெக்டர் சட்டைப்பையைப் பொத்தினார். "போலீஸை எவனாவது மாமான்னு போட்டு வெப்பானா?"

"எல்லாரும்தான் சார்." அண்ணன் கையிலிருந்த விலங்கைக் கழற்றி, புதுக் கைக்கு மாட்டினார் ஏட்டம்மா.

தங்கை போனை அணைத்தாள்.

"எழுத்து எண்ணினது போதும் மாமா... இனிமே கம்பி எண்ணுங்க!"