மாமனுக்குப் பக்கத்து வட்டம்

தன் முகத்தை நடுரோட்டில் ஆளுயரத்துக்குப் பார்த்தால் யாருக்குத்தான் பிரேக் மேல் கால் போகாது?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சாரல் மழையில் நனைந்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள் ரம்யாஸ்ரீ... வினைல் பேனரில். நடுவில் ஒரு சின்னப்பெண். மேலே, 'எங்கள் குட்டி இளவரசி அஸ்வினியின் காதணி விழா! எழுமலை வாரீர்!' என்று மஞ்சள் எழுத்து. குழந்தைக்கு ஒரு பக்கம் வட்டத்துக்குள் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவன். கீழே 'தாய்மாமன்' என்றிருந்தது. மறுபக்க வட்டத்தில் வெள்ளைக் கோட்டோடு இவள். கீழே 'அத்தை'.

தாய்மாமனுக்குப் பக்கத்தில் அத்தை என்றால் அவன் பெண்டாட்டி என்று அர்த்தம். மதுரையில் பிறந்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காரை ஓரங்கட்டினாள். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. பேனரின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. அதே வரிசையில் நாலு கடை தள்ளித்தான். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்ப் படியேறினாள்.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது சாட்சாத் அந்தத் தாய்மாமனேதான். கூலிங்கிளாஸ் இல்லை. அது இல்லாத கண்கள்... நல்ல கண்கள். சும்மா இருக்கும்போதே சிரிக்கிற ஜாதி. இம்புட்டு ஆத்திரத்திலும் அதைக் கவனித்துத் தொலைத்தாள்.

"அந்த பேனர்ல இருக்கிறது யாரு?"

அவன் இவளைப் பார்த்தான். வாசல் வழியே பேனரைப் பார்த்தான். மறுபடி இவளை...

"நீங்கதாங்க" என்றான் பாவமாக.

"அது தெரியுது. நான் எதுக்கு அங்க இருக்கேன்?"

அவன் பெயர் அழகுபாண்டி. எழுமலை விவசாயக் குடும்பம். அஸ்வினி அவன் அக்கா ஜெயக்கொடியின் மகள். பக்கத்து ஸ்டுடியோவில் ஆஸ்பத்திரி அடையாள அட்டைக்காக ரம்யாஸ்ரீ எடுத்த படமும், இவன் சொந்தக்காரர்கள் படமும் ஒரே சிடியில் வந்திருக்கின்றன.

"மாமன், அத்தைனு ரெண்டு வட்டம் உள்ள டிசைனுங்க. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. அந்த வட்டத்த எடுக்க மறந்துட்டேன். கம்ப்யூட்டரு அடுத்த போட்டோவ இழுத்துப் போட்டுருச்சு..."

"இழுத்துப் போட நான் என்ன பிளாஸ்டிக் சேரா?"

"தப்புதாங்க. எங்க ஊர்லயும் ஒண்ணு கட்டியாச்சு. காலைல இருந்து அக்கா போன் மேல போன். டாக்டரம்மாவ எப்படா கட்டுன, எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னியாடானு ஊரே கேக்குதாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத நேரத்தில் வந்ததால் இன்னும் கோபம் வந்தது.

"இனிமே யாரு மூஞ்சியப் போட்டாலும் அவங்களக் கேட்டுட்டுப் போடணும். சம்மதமானு வாய்விட்டுக் கேக்கணும். சத்தியம் பண்ணுங்க."

"எங்க குலசாமி மேல சத்தியம்ங்க."

மழையிலேயே ஏறி பேனரைக் கழற்றினான். சட்டை தொப்பலாக நனைந்தது. சுருட்டும்போது மட்டும் அவள் முகத்தில் சேறு படாதபடி உள்பக்கமாக மடித்துச் சுருட்டினான். அதையும் பார்த்துத் தொலைத்தாள்.

"எழுமலையில இருக்கிறது?"

"நாளைக்கு விசேஷம். நான் போயி இல்லைன்னு சொன்னா, மாப்ள வெக்கப்படுறான்னு இன்னும் சிரிப்பாங்க."

"அப்ப நானே வந்து சொல்றேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சொன்ன வார்த்தையிலிருந்து பின்வாங்கிப் பழக்கமில்லை.

ரம்யாஸ்ரீ மயக்க மருந்து டாக்டர். மதுரையில் பெரிய ஆபரேஷன் என்றால் முதலில் அவள் செல்தான் அடிக்கும். ஊசி போட்டுத் தூங்க வைப்பாள். விழிக்கிறவர்கள் சர்ஜனின் கையைப் பிடித்துக் கண்கலங்குவார்கள். ஓரமாக நிற்கிற இவள் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. கார் வாங்கினாள். ஆனையூரில் வீடு கட்டினாள். சந்தோஷம் மாடியில் இருக்குமோ என்று மாடியும் எடுத்தாள். அங்கேயும் இல்லை. இப்போது அப்பா துளசிராம், தங்கள் சௌராஷ்ட்ர சமூகத்திலேயே சொந்த ஆஸ்பத்திரி உள்ள சர்ஜன் ராஜகுருவைப் பேசி முடித்திருந்தார். பெண் பார்க்க வந்த ராஜகுரு இவளிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"நைட் கேஸுக்கெல்லாம் வருவீங்கல்ல?"

அவள் தலையாட்டினாள். அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

மறுநாள் எழுமலையில், குலசாமி கோயில் வாசலில் அவள் கார் நின்றதும் கூட்டமே திரும்பியது. பேசவேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள். 'இது கம்ப்யூட்டர் செய்த தவறு...' வாயைத் திறப்பதற்குள் ஜெயக்கொடி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா தாயி. தம்பி நடந்ததெல்லாம் சொல்லிட்டான். நம்பத்தான் மனசு வரல. உன் பேரென்ன?"

"ரம்யாஸ்ரீ."

"மயக்க மருந்து டாக்டராமே நீ, கறிவிருந்தும் சாப்பிட மாட்டியாமே, தம்பி விசாரிச்சுச் சொன்னான். ஒனக்குனு பருப்பும் ரசமும் தனியா வச்சிருக்கேன். சாப்பிடாமப் போனேன்னா பாத்துக்க."

பெயர் கேட்டார்கள். சாப்பிடச் சொல்லி மிரட்டினார்கள். அவள் கையை விடுவிக்காமல் ஜெயக்கொடியின் பின்னால் நடந்தாள்.

மொட்டையடித்து, சந்தனம் பூசி, அஸ்வினி மாமன் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் குழந்தை மிரண்டது. அப்படியே கையை நீட்டி, பக்கத்தில் நின்ற ரம்யாஸ்ரீயின் விரலைப் பிடித்துக்கொண்டது.

"அத்தை, வலிக்குமா?"

எத்தனை பேரை வலி தெரியாமல் தூங்க வைத்திருக்கிறாள்... ஒருத்தர்கூட இப்படி விரலைப் பிடித்துக்கொண்டு, வலிக்குமா என்று அவளைக் கேட்டதே இல்லை.

"கொஞ்சம் வலிக்கும்டா. நான் இங்கயேதான் இருப்பேன்."

அத்தை என்று கூப்பிட்டதைத் திருத்த வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தான். அவளும் பார்த்தாள். நடுவில் குழந்தை வீறிட்டு அழுதது, கூட்டம் குலவையிட்டது... இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கிளம்பும்போது கார்க் கதவருகே வந்து நின்றான்.

"வந்த விஷயத்தச் சொல்லாமப் போறீங்களே?"

"மறந்துட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்துவிட்டுக் கேட்டான்.

"எல்லாரையும் தூங்க வைக்கிறீங்களே டாக்டரம்மா... நீங்க நல்லாத் தூங்குறீங்களா?"

காரைக் கிளப்பினாள். உசிலம்பட்டி தாண்டும்வரை ரோடு கலங்கலாகத் தெரிந்தது. அதற்கு மழை காரணம் இல்லை.

அந்த வாரமே விஷயம் வெடித்தது. ராஜகுருவின் ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் இவளைப் பார்த்த எழுமலைக்காரர் ஒருவர், "மயக்க மருந்து குடுக்குற டாக்டரம்மா எங்க ஊரு மருமகங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் நிபந்தனை போட்டார்கள். பேனர் கடைக்காரன் மேல் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தால் நிச்சயதார்த்தம்... இல்லாவிட்டால் இல்லை.

"ஒரே ஒரு கையெழுத்தும்மா" என்றார் துளசிராம்.

வீட்டில் பேசுவது சௌராஷ்ட்ர மொழி. ரொம்பக் கோபம் வந்தால் மட்டும் ரம்யாஸ்ரீ தமிழுக்கு மாறுவாள். இப்போது மாறினாள்.

"போட மாட்டேன்."

"அவன் பேனர் அடிக்கிறவன். நம்ம ஆளும் இல்ல. அப்படி என்னதான் கண்ட அவன்கிட்ட?"

"நைட் கேஸுக்கு வருவியானு கேட்டாரு ராஜகுரு. நல்லாத் தூங்குறியானு கேட்டாரு இவரு. நீங்க பெத்த பொண்ணுக்கு எது வேணும்னு நீங்களே சொல்லுங்கப்பா."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவள் ராஜகுரு வீட்டுக்குப் போன் போட்டு, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தானே சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அவளுக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

மறுநாள் கடைக்குப் போனபோது அழகுபாண்டி எழுந்து நின்றான். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"இங்க வராதீங்க டாக்டரம்மா. நேத்து ராத்திரி உங்கப்பா வந்தாரு. போலீசுன்னு மிரட்டியிருந்தா மொறச்சிருப்பேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டாரு. என் பொண்ண விட்ருங்க தம்பினு... ஊருக்குப் போயி பேனர அவுத்தாச்சு. டிசைன்லயும் உங்கள அழிச்சுட்டேன்."

"யாரக் கேட்டு?"

"என்னது?"

"யாரக் கேட்டு அழிச்சீங்க? கேக்காம ஒரு மூஞ்சியத் தொட மாட்டேன்னு குலசாமி மேல சத்தியம் பண்ணீங்கல்ல?"

"போடுறதுக்குத்தான கேக்கணும்னீங்க..."

"அழிக்கிறதுக்கும் கேக்கணும். அப்பா கும்பிட்டது அவரோட பயம். அது தீர்ற வரைக்கும் நான் வீட்ட விட்டு ஓட மாட்டேன். அவர் எதிர்லயே உக்காந்து சோறு தின்னுட்டு, தினமும் இதையேதான் சொல்லுவேன். நான் மாற மாட்டேன். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. அழகுபாண்டி அவளையே பார்த்தான். மெல்ல உட்கார்ந்தான். திரையில் டிசைனைத் திறந்தான். குழந்தை, தாய்மாமன்... பக்கத்தில் காலி வட்டம். அந்த வட்டத்தின் மேல் மௌஸைக் கொண்டுபோனான்.

"டாக்டரம்மா... இதுல உங்க போட்டோவப் போட..."

"பேரச் சொல்லிக் கேளுங்க."

"ரம்யாஸ்ரீ..." அவன் திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினான். "எனக்குப் பக்கத்துல இருக்க உனக்குச் சம்மதமா?"

"சம்மதம். ஆனா ஒரு திருத்தம் இருக்கு."

"என்ன?"

"உங்க போட்டோவ மாத்துங்க. கூலிங்கிளாஸ் வேணாம்..." அவள் குரல் முதல்முறையாகத் தாழ்ந்தது. "அந்தக் கண்ணுக்காகத்தான் நான் எழுமலைக்கே வந்தேன்."