இருமல் மாறாத படகுகள்

அந்த வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் கஸ்பார் படகின் எண்ணெய் வடிகட்டியை அடுப்படிக்குத் தூக்கி வந்து, நான் மீன் கழுவும் தொட்டியிலேயே போட்டுத் தேய்த்தார்.

"இது வீடா பட்டறையா?" என்றேன்.

"நாளைக்குக் கொடியேத்து. நீ மட்டும் தலைக்குக் குளிச்சாப் போதுமா, படகும் குளிக்க வேண்டாமா?"

தொட்டியைக் கழுவாமலே போனார். நான் திட்டிக்கொண்டே கழுவினேன்.

வடக்கிலிருந்து கலப்பில்லாத பாசியெண்ணெய் முந்தின நாள்தான் எங்கள் துறைக்கு வந்திருந்தது. வெளிநாட்டுக் கூட்டுப்படை எங்கள் கரையில் இருந்த காலமெல்லாம் முகாமில் அளந்து ஊற்றிய எண்ணெயில்தான் படகுகள் ஓடின; அவர்கள் போனபின்னும் விட்டுப்போன பீப்பாய்களில்தான் ஓட்டினோம். தூரமாகப் போய்விடக் கூடாது என்று அதில் எதையோ கலந்து கொடுப்பார்கள். அதனால் எங்கள் துறையில் எல்லா எஞ்சினுக்கும் இருமல். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து படகுச் சத்தம் என்றால் அந்த இருமல்தான். புதிய எண்ணெயை முதல் ஆளாகப் போய் வாங்கி ஊற்றியவர் கஸ்பார்.

இதைப் படிப்பவர்கள் உள்நாட்டுக்காரர்களாக இருந்தால் செவிக்கண்ணி என்றால் தெரியாது. கடற்போர் நடந்தபோது எதிரிக் கப்பல்களைத் தடுக்கக் கூட்டுப்படை எங்கள் கடலில் போட்டது. நாங்கள் அதைக் 'காது' என்போம். தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். தெரிந்த எஞ்சின் என்றால் சும்மா இருக்கும். தெரியாததென்றால் வெடிக்கும். அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்வதால் அதற்கு ஓய்வே கிடையாது. எஞ்சினில் ஒரு பாகத்தை மாற்றினாலும் முகாமில் போய் ஓட்டிக் காட்டி, புதுச் சத்தத்தைக் காதுகளுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் கடலில் இறங்கலாம். அவர்களிடம் கேட்காமல் யாரும் கடலுக்குப் போனதில்லை.

கூட்டுப்படை போவதென்று முடிவானபோது மீன் ஏலக்கூடத்தில் ஊரைக் கூட்டினார்கள். அவர்களுடைய காப்டன் இல்வா தன் மொழியில் பேச, மேசைமேல் இருந்த பெயர்ப்பான் அதைத் தமிழில் சொன்னது.

"அன்பார்ந்த கரைவாழ் மக்களே..."

"பொட்டி நல்லாப் பேசுது. நம்ம ஊர்லயே ஒரு பொண்ணு பாத்து முடிச்சிரலாம்" என்றார் கஸ்பார். கூடம் சிரித்தது. பெயர்ப்பான் அதையும் காப்டனுக்குச் சொல்லிவிட்டது. அவளும் சிரித்தாள்.

பிறகு அவள் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. காதுகளை எதிரி அணைத்துவிடக் கூடாது என்பதற்காக, தூரத்திலிருந்து அணைக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாக இறங்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கு ஆறு வருடம் ஆகும். அதுவரை முகாமும் சோதனைச்சாவடியும் ஊரடங்கும் இருக்கும். உடனே போகச் சொன்னால் போய்விடுவார்கள், காதுகள் கடலிலேயே இருக்கும். காதுகளுக்குப் புதுச் சத்தம் சொல்லிக்கொடுக்கும் கருவி மட்டும் எதிரி கையில் சிக்காதிருக்க அவர்களோடு போய்விடும்.

"நீங்களே சொல்லுங்கள்" என்றது பெயர்ப்பான்.

கஸ்பாரின் தம்பி ரோச்மணி எழுந்தான். "ஆறு வருஷம் இருந்து அள்ளிட்டுப் போகட்டும். போட்டவன் எடுக்காம வேற எவன் எடுப்பான்?"

"ஆறு வருஷம் கழிச்சு இன்னொரு ஆறுன்னு சொல்லுவாங்கடா. நம்மப்பன் நெனச்ச நேரம் கடலுக்குப் போனவன். நான் சாகுறதுக்குள்ள ஒரு நாளாவது அப்படிப் போகணும்" என்றார் கஸ்பார்.

"போ, போ. எஞ்சின் கெட்டா எப்படிப் போவ?"

"கெடாமப் பாத்துக்குவோம். எதையும் மாத்த மாட்டோம். அம்புட்டுத்தான?"

போகச் சொல்லிக் கை தூக்கியவர்கள் அதிகம். நானும் தூக்கினேன். இன்றைக்குக் கேட்டாலும் எதைச் சொல்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

கஸ்பார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஓர் ஆணியைக்கூட மாற்றவில்லை. நாங்கள் எல்லோரும் பாகங்களைத்தான் காவல் காத்தோம். எண்ணெயைப் பற்றி ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஊற்றிய கலப்படமும் எஞ்சினின் குரலில் ஒரு பங்கு என்று யார் நினைப்பார்கள்?

கொடியேற்றத்தன்று திருநாளின் முதல் மீனைக் கோயிலுக்குக் கொண்டுவர ஒரு படகு போவது எங்கள் வழக்கம். அந்தத் தடவை கஸ்பார் போனார். துறையைத் தாண்டியதும் எஞ்சின் இருமலே இல்லாமல் சீராக ஓடியது. அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதேயில்லை. கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். முதலில் நிறுத்தியவன் ரோச்மணி. சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். "அணைண்ணே! எஞ்சினை அணை!"

அவர் எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். தண்ணீர் எழுந்தது முதலில் தெரிந்தது. சத்தம் அப்புறம் வந்தது.

அடக்கம் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. மழைக்காலம் முடிந்தபின் கூட்டுப்படையின் அரசிடமிருந்து செய்தி வந்தது. நாங்கள் அழைத்தால் காதுகளை எடுக்கத் திரும்பி வருவார்களாம். ரோச்மணி வாசலில் வந்து நின்றான்.

"மதினி, நீ என்ன சொல்றியோ அதைத்தான் மீனவர் சங்கம் சொல்லும்."

"ஏன், உங்களுக்கெல்லாம் வாய் இல்லையா?"

"உன் முன்னால பேச வாய் வரலை."

"வந்து எடுத்துட்டுப் போகட்டும். துப்பாக்கி இல்லாம வரச் சொல்லு."

சங்கம் அதையே எழுதி அனுப்பியது. துப்பாக்கி இல்லாமல் தங்கள் ஆட்களை அனுப்ப இயலாது என்று பணிவான பதில் வந்தது. அதோடு பேச்சு நின்றது.

கூட்டுப்படை விட்டுப்போன பீப்பாய்களின் அடியில் கிடந்ததைச் சோதித்து, அவர்கள் எதைக் கலந்தார்கள் என்று ஊரில் படித்த பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது நல்ல எண்ணெய் வந்து இறங்கியதும் நாங்களே அதைக் கலந்து கெடுக்கிறோம். பதம் சரிதானா என்று கரையில் எஞ்சினை ஓட்டிக் காது கொடுத்துக் கேட்பது என் வேலை. என்னைவிட நன்றாக அந்த இருமலை அறிந்தவர் யாருமில்லை என்று சங்கம் என்னை வைத்திருக்கிறது. சரியாக இருமினால் தலையசைக்கிறேன், போகிறார்கள்.

போய்வருகிறவர்களிடம் கேட்டு வைத்திருக்கிறேன்: கஸ்பார் போன இடத்தில் ஆழம் ஒன்பது பாகம், ஒன்பது ஆள் உயரம். வாடைக்காலத்தில் அங்கே நீரோட்டம் தெற்கே இழுக்கும்.